சும்மா கிடந்த பெயர்

காலையில் அவள் வேலைக்கு வந்தபோது கூட்ட அறையின் கண்ணாடிப் பலகையில் ஐந்து பெயர்கள் இருந்தன. நான்கின் மேல் கோடு விழுந்திருந்தது. அதில் இரண்டு கோடுகள் அவள் போட்டவை. ஐந்தாவது பெயரை முந்தின நாள் அவள் வீட்டுக்குப் போன பிறகு யாரோ எழுதியிருந்தார்கள்.

தாரா.

யாரோ இல்லை. அவன் கையெழுத்து. துணைக்காலைத் தேவைக்கு மேல் நீட்டுவான். அவர்கள் இருவரின் கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதியபோதே அவள் அதைக் கிண்டல் செய்திருக்கிறாள்.

கைப்பையைக் கழற்றாமல் நின்றாள். பலகையின் மேல் ஓரத்தில் சரக்கு என்ன என்று போட்டிருந்தது. கழிப்பறை கழுவும் திரவம். நாளை மதியம் வாடிக்கையாளர் வருகிறார்.

அது பெயர் வைத்துக் கொடுக்கும் நிறுவனம். சோப்பு, மாத்திரை, மெத்தை, வங்கிக் கணக்கு, எதுவானாலும் சரி. ஒரு பக்கம் பெயர் யோசிப்பவர்கள். அவர்களில் மூத்தவன் அவன். அவன் பெயர் வைத்தால் சரக்கு ஓடும் என்பதால் கைராசி என்றுதான் அவனை எல்லோரும் கூப்பிட்டார்கள். மறுபக்கம் பெயரைச் சோதிப்பது. அது அவள் மட்டும். சரக்கு போகிற ஊர்களின் மொழிகளில் அந்தச் சொல் வசவா, நோயா, பிணமா, யாருடைய அம்மாவையாவது இழுக்கிறதா என்று தேடிச் சொல்ல வேண்டும். அவளை அகராதி என்று கூப்பிட்டார்கள். அகராதி பிடித்தவள் என்பதன் சுருக்கம் அது என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

விதி ஒன்றுதான். ஒரு மொழியில் ஓர் ஆட்சேபம் நின்றால் போதும், பெயர் செத்தது. ஆனால் சோதித்தவர் அதை வாடிக்கையாளர் முன்னால் வாயால் சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள், காதில் விழுந்தால்தான் முகம் சுளிக்கும் என்பது முதலாளியம்மாவின் அனுபவம். ஆட்சேபம் நிலைத்துவிட்டால் சோதித்தவரே பெயரின் மேல் கோடு போடுவார். கோடு விழுந்த பெயர் அந்த நிறுவனத்தில் மறுபடி எந்தச் சரக்குக்கும் வராது.

அவன் தன் இடத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"அதை எடுத்துடு" என்றாள்.

"எதை?"

"தெரியும்ல."

அவன் தோலை ஒரு காகிதத்தில் சேர்த்து வைத்தான். "நாலு பேரும் போயிடுச்சு. ரெண்டு நீ கொன்னது. ஒண்ணை ஏற்கெனவே எவனோ பதிஞ்சு வச்சிருக்கான். ஒண்ணு அந்த சோப்பு முதலாளி பொண்டாட்டிக்குப் புடிக்கல. நாளைக்கு வந்து உட்கார்ந்துடுவாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"வேற யோசி."

"யோசிச்சேன். ஒண்ணும் வரல. அப்புறம் இது ஞாபகம் வந்துச்சு."

"எதுக்கு வச்ச பேருன்னும் ஞாபகம் வந்துச்சா?"

அவன் பழத்தை இரண்டாகப் பிளந்து பாதியை அவள் பக்கம் நீட்டினான். பழைய பழக்கம். அவள் வாங்காததைப் பார்த்து மேஜையில் வைத்தான்.

"எனக்கு ரெண்டும் பசங்க. இனிமே பெத்துக்கப் போறதும் இல்ல. உனக்கு..." நிறுத்திக்கொண்டான். "சும்மாதானே கிடக்கு அந்தப் பேர்."

"கக்கூஸ் கழுவ எடுத்துக்கிட்ட."

"அதுல என்ன இருக்கு. எல்லா வீட்லயும் கழுவுறதுதானே." அவன் சிரிக்கவில்லை. "இங்க பாரு. நீ பார்த்து, நீ சுத்தம்னு சொன்ன பேர். அதை விட எனக்கு என்ன உத்தரவாதம் வேணும்? அதனாலதான் சோதனைக்குக்கூட உன்கிட்ட அனுப்பாம நேரா பலகையில போட்டேன்."

அவன் அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

அந்தப் பெயரை யோசித்த காலத்தில் இருவரும் கணவன் மனைவியாக ஒரே வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு மூன்றாவது மாதம். சாயங்காலங்களில் சமையலறையில் அவன் பெயர் சொல்வான், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கொல்வாள். இது ஒரு மொழியில் பூரான். இது இன்னொரு மொழியில் கடன்காரன். பையனுக்கு ஒரு பெயர் சீக்கிரமே தேறிவிட்டது. பெண்ணுக்குத் தேறவில்லை. ஒருநாள் அவன் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டே தாரா என்றான். அவள் கத்தி நின்றது.

அந்தச் சொல்லை அவள் தேடினாள். அலுவலகப் பெயர்களைத் தேடியதைவிடக் கூடுதலாகத் தேடினாள். தேடி முடித்து வந்து சொன்னாள். வடமொழியில் விண்மீன். கண்ணின் கருமணி. கரை சேர்ப்பவள் என்றும் ஒரு பொருள்.

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. சுத்தம்."

ஐந்தாம் மாதத்தில் முடிந்துபோனது. பெண் என்று தாதி சொன்னாள். பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். பிறகு அவள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவன் வேறு கல்யாணம் செய்துகொண்டான். மூத்த பையனுக்கு அந்தத் தேறிய பெயரை வைத்தான். அதற்கு அவளிடம் அனுமதி கேட்டான். வச்சுக்கோ என்றாள். வேலையை இருவரும் விடவில்லை. இருவருக்கும் வேறு வேலை தெரியாது.

தாரா என்ற சொல்லை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. வேலை முடிந்து போகும்போது பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் மனதுக்குள் ஒருமுறை சொல்லுவாள். ஒருத்தி வருவாள். வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தாள். முன்பல் விழுந்தது, முளைத்தது. இப்போது பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்கிற வயது. அவன் மூக்கு. இதை அவள் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

முதலாளியம்மாவுக்கு இடுப்பு வலி. நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பார். தன் நாற்காலியை விற்றுவிட்டதாகச் சொல்லிக்கொள்வார்.

"கேள்விப்பட்டேன்" என்றார். "அவனும் சொன்னான். உங்க ரெண்டு பேரோட விஷயம் எனக்குத் தெரியாததில்ல. ஆனா சொந்தக் காரணம் ஆட்சேபத்துல சேராதும்மா. இன்னைக்கு உனக்காக விட்டா நாளைக்கு ஒருத்தன் மாமியார் பேருன்னு வந்து நிப்பான்."

"தெரியும்மா."

"மொழியில ஏதாவது இருந்தா சொல்லு. இருக்கா?"

"இருக்கு."

"நீயே சுத்தம்னு சொன்னதா சொல்றான்."

"அது வீட்டுல சொன்னது."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுக்கோ. நாளைக்கு ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக்கூடாது. அந்த ஆளுக்கு அஞ்சாவது பேர் இது. சும்மா தள்ள மாட்டார். அரைகுறையா கொன்னா அந்தப் பேர் எழுந்து உட்கார்ந்துக்கும்."

அக்கா பல்செட் செய்கிறவள். வேலை மிச்சம் இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் அரத்தால் ராவுவாள். அன்றும் யாருடைய மேல்வரிசையோ அவள் உள்ளங்கையில் சிரித்துக்கொண்டிருந்தது.

"பேர்தானடி" என்றாள். "நீ என்ன பட்டா போட்டா வச்சிருக்க?"

"இல்ல."

"அப்ப விடு. ஊர்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர். நம்ம பின்தெரு பியூட்டி பார்லருக்கே அதான் பேரு. அங்கதான போய் நீ புருவம் எடுத்துக்கிற."

"அது அவங்க வச்சது."

"இது?"

"இது நாங்க வச்சது."

அக்கா ராவியதை ஊதினாள். வெள்ளைத் தூள் பறந்தது. "எனக்கு வித்தியாசம் தெரியல."

"அவன் எடுத்துக் கொடுக்கிறான். அதான் வித்தியாசம்."

அக்கா பல்வரிசையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கடைவாய்ப் பல்லை மறுபடி தேய்த்தாள்.

"அப்ப கொன்னுடு" என்றாள். "உனக்குத் தெரியாத தொழிலா?"

மறுநாள் மதியம் சோப்பு முதலாளி மனைவியுடன் வந்தார். கனத்த மனிதர். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதை ஒருமுறை அசைத்துப் பார்த்தார். மனைவி மெலிந்தவள். அதிகம் பேசவில்லை. புதுத் திரவத்தின் மாதிரி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்து முகர்ந்து மேஜையில் வைத்தாள். எலுமிச்சை வாசனை வந்தது.

அவன் எழுந்து பேசினான். நன்றாகப் பேசுவான்.

"ரெண்டே எழுத்து சார். வாயைத் திறக்குது, திறந்தபடியே முடியுது. குழந்தைகூடச் சொல்லும். விண்மீன்னு அர்த்தம். பளபளப்பு."

"பளபளப்பு" என்றார் சோப்பு முதலாளி. மனைவியைப் பார்த்தார். "நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்கு" என்றாள் மனைவி. "பொண்ணு பேர் மாதிரி இருக்கு."

"அதான் அழகே" என்றான் அவன்.

முதலாளியம்மா சுவரில் சாய்ந்து நின்றபடி, "சோதனை" என்றார்.

அவள் பலகைக்குப் போனாள். பேனாவை எடுத்தாள். லேசானதில் ஆரம்பிப்பது அவள் வழக்கம். சிரிக்கவிட்டுத்தான் கொல்லுவாள்.

"தமிழ்லயே ஒரு வகை வாத்துக்கு தாரான்னு பேர்."

"வாத்து நல்லதுதானே. தண்ணியிலயே கிடக்கும். பாட்டில்ல ஒரு வாத்துப் படம் போட்டுடலாம்."

அவள் தாராவுக்குக் கீழே வாத்து என்று எழுதினாள்.

"ஜப்பானிய மொழியில ஒரு கடல் மீன்."

"அங்க நமக்கு வியாபாரம் இல்ல."

மீன் என்று எழுதினாள்.

"பிலிப்பைன்ஸ்ல, வா போகலாம்னு அர்த்தம்."

"கக்கூசுக்குத்தானே? போகலாமே."

அவன் சிரித்தான். முதலாளியம்மாகூடச் சிரித்தார். சோப்பு முதலாளி தன் பேச்சுக்குத் தானே தொடையில் தட்டிக்கொண்டார். அவள் சிரிப்பு அடங்கக் காத்திருந்து அதையும் எழுதினாள்.

"ரஷ்ய மொழியில சரக்கு அடைக்கிற பெட்டி, டப்பா, பாட்டில். உள்ள இருந்தது தீர்ந்து போனாலும் அதான் பேர். காலி டப்பா."

"அங்க நம்ம சரக்கு போகுது" என்றார் சோப்பு முதலாளி, கொஞ்சம் குரல் இறங்கி.

"டப்பாவை டப்பான்னு சொன்னா என்ன சார்" என்றான் அவன். "பொய் சொல்லலையே நாம."

"அது சரி."

அவள் காலி டப்பா என்று எழுதினாள்.

"இத்தாலி, ஸ்பெயின் மொழிகள்ல அது தராசுக் கணக்கு. பாத்திரத்தோட வச்சு எடை போட்டா, பாத்திரத்தோட எடையைக் கழிப்பாங்கல்ல, அந்தக் கழிக்கிற எடை. அப்புறம் அதே சொல்லுக்குப் பழுது, குறைன்னு அர்த்தம் வந்துடுச்சு. பிறவிக் குறைக்கும் சொல்லுவாங்க. ஸ்பெயின்காரங்க அதுல இருந்து ஒரு வசவே வச்சிருக்காங்க. மூளை வளராதவனேன்னு திட்டுற மாதிரி."

கழிக்கிற எடை, பிறவிக் குறை. எழுதி முடித்துத் திரும்பியபோது அவன் சிரிப்பு போயிருந்தது. அவன் பலகையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான்.

"இது நீ..." என்றான்.

சோப்பு முதலாளி தாடையைத் தடவினார். "அந்தப் பக்கம் அடுத்த வருஷம்தான் போறோம். அங்க மட்டும் வேற பேர் வச்சுக்கலாம்ல?"

"வச்சுக்கலாம்" என்றார் முதலாளியம்மா. அதுவும் விதிதான். ஓர் இடத்தை ஒதுக்க முடிந்தால் அங்கத்திய ஆட்சேபம் நிற்காது. "வேற இருக்காம்மா?"

அவள் பேனாவின் மூடியைப் போட்டிருந்தாள். அப்போது நிறுத்தியிருந்தால் அடுத்த மாதம் அந்தப் பெயர் கடைகளின் கீழ்த் தட்டில், துடைப்பத்துக்கும் வாளிக்கும் நடுவில் அடுக்கியிருக்கும்.

"இருக்கு" என்றாள்.

"சொல்லு."

"தராசுக் கணக்குச் சொல்லு அவங்களுக்கு அரபுல இருந்து போனது. அரபுல அந்த வேருக்கு எறியறது, தள்ளறதுன்னு அர்த்தம். வேணாம்னு கழிச்சுப் போட்டது." குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னாள். பூரானையும் கடன்காரனையும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். "அதே வேர்ல இன்னொரு சொல் இருக்கு. மாசம் நிறையறதுக்கு முன்னாடி கலைஞ்சு விழுந்த பிள்ளைக்கு."

அதை அவள் பலகையில் எழுதவில்லை.

சோப்பு முதலாளி வாயைத் திறந்தார். "வேர்தானேம்மா ஒண்ணு. சொல்லு வேற வேறதானே. இந்த வேரு எல்லாம் நம்ம பாட்டில் வாங்குறவளுக்கு..."

"வேணாம்ங்க" என்றாள் மனைவி.

"இரு. வேருன்னுதானே சொல்றாங்க."

"வேணாம்னேன்ல."

மனைவி அவர் பக்கம் திரும்பவில்லை. மாதிரி பாட்டிலின் மூடியை எடுத்துத் திருகினாள். மூடியது தெரிந்தும் இன்னும் கொஞ்சம் திருகினாள். சோப்பு முதலாளி அவள் கையைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

"சரி" என்றார். "வேற பாருங்க."

முதலாளியம்மா பலகைப் பக்கம் தலையை அசைத்தார். அவள் மறுபடி பேனாவைத் திறந்து தாராவின் மேல் கோடு போட்டாள். நீட்டி எழுதிய இரண்டு துணைக்கால்களையும் அது வெட்டிக்கொண்டு போனது.

மாடிப்படியில் அவன் பின்னால் வந்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"எது?"

"கடைசியா சொன்னது."

"அப்பவே."

"அப்பவேன்னா? சமையல்கட்டுல சுத்தம்னு சொன்னியே, அப்பவா?"

"ம்."

கீழே யாரோ மின்தூக்கிக் கதவை இழுத்து மூடினார்கள். அவன் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

"ஏன் சொல்லல?"

"பேர் புடிச்சிருந்துச்சு."

அவன் கோபப்படுவான் என்று நினைத்தாள். கோபப்பட்டால் பதில் சொல்வதற்குச் சில வார்த்தைகள் வைத்திருந்தாள். நிறைய வருஷமாக வைத்திருந்தவை. அவன் கோபப்படவில்லை. கெட்டவன் இல்லை அவன். ஏதோ பழைய விபத்திலிருந்து தப்பியது இப்போதுதான் தெரிந்த மாதிரி மூச்சு விட்டான்.

"இவ்வளவு இருந்திருக்கு அதுக்குள்ள" என்றான். "நல்லவேளை, நாம வைக்கல."

அவள் அவனைப் பார்த்தாள்.

"வைக்கலயா?"

"எங்க வச்சோம்? அதுக்குள்ளதான் எல்லாம் ஆயிடுச்சே." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "சாயங்காலத்துக்குள்ள ஆறாவது யோசிச்சாகணும். அந்தம்மாவுக்குப் புடிக்கிற மாதிரி. உனக்கு ஏதாவது தோணினா சொல்லு."

இரண்டிரண்டு படிகளாகத் தாண்டி மேலே போனான். பெயர் வராத நாட்களில் அப்படித்தான் ஏறுவான்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைத்தெரு தாண்டியதும், மனதுக்குள் சொன்னாள்.

வாத்து வந்தது. மீன் வந்தது. தன் கையெழுத்திலேயே, எழுதிய வரிசையிலேயே வந்தன. வா போகலாம். காலி டப்பா. கழிக்கிற எடை. பிறவிக் குறை. மறுபடி சொல்லிப் பார்த்தாள். வாத்திலிருந்தே ஆரம்பித்தது. பலகையில் எழுதாததும் கடைசியில் தவறாமல் வந்து நின்றது.

பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஒரு நிறுத்தத்தில் முட்டை அட்டையுடன் ஒரு பெண் ஏறி, "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. உட்காருங்க."

கூட்டத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. ஜப்பானிய மொழியில் அந்த ஒலி தனியாக நின்றால் மீன். வினையின் வாலில் வந்தால் நம்முடைய 'ஆல்' மாதிரி. வந்தால். இருந்தால். அதில் ஆட்சேபிக்க எதுவும் இல்லாததால் அவள் அதைச் சொல்லவில்லை.

அக்கா கதவைத் திறந்தாள். கையில் இன்று கீழ்வரிசை.

"கொன்னுட்டியா?"

"ம்."

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"விட்டுது சனியன்" என்றாள் அக்கா. "போய் மூஞ்சி கழுவு. பாத்ரூமுக்குப் புது பாட்டில் வாங்கி வச்சிருக்கேன், அதைக் கொஞ்சம் ஊத்தித் தேய்ச்சுட்டு வா."

பாட்டில் வாளிக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பிப் பெயரைப் படித்தாள். பழைய பெயர். அவன் வைத்து, அவள் தடை இல்லை என்று சொன்னது. மூடியைத் திறந்து ஊற்றினாள்.